நாடுகடத்தப்பட்டபின் அமெரிக்காவுக்குள் மீண்டும் நுழைதல்: பழைய தண்டனைகள் எங்கே, எப்படிக் கணக்கில் வருகின்றன?

அமெரிக்காவிலிருந்து நாடுகடத்தப்பட்ட ஒருவர் அனுமதியின்றித் திரும்ப நுழைந்து பிடிபட்டால், அவருக்கு முன்பு விதிக்கப்பட்ட தண்டனைகள் புதிய வழக்கின் தண்டனையை எந்த அளவுக்குக் கூட்டும் என்பது கேள்வியின் முதற்பகுதி. பழைய குற்றத்துக்கான சிறைவாசத்தை முழுவதும் அனுபவித்துவிட்டவர் மீது அதையே மறுபடி எடுத்து வைப்பது ஒரே குற்றத்துக்கு இரண்டு முறை தண்டிப்பது ஆகாதா என்பது இரண்டாம் பகுதி. இரண்டாவதற்கான விடை சிறியது என்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க நீதிமன்றங்களின் பார்வையில் அது இரட்டைத் தண்டனை ஆகாது. பழைய குற்றத்துக்காக இப்போது எதுவும் விதிக்கப்படுவதில்லை, புதிய குற்றத்தைச் செய்தவர் யார் என்பதை வைத்து அந்தப் புதிய குற்றமே கனமானதாகக் கொள்ளப்படுகிறது என்பது அவற்றின் விளக்கம். 1948ஆம் ஆண்டின் கிரைகர் எதிர் பர்க் தீர்ப்பிலிருந்து இந்த நிலைப்பாடு மாறவில்லை. இந்த விளக்கம் எனக்கு முழு நிறைவு தருவதில்லை. அதற்கான காரணம் கீழே கணக்கைப் போட்டுப் பார்க்கும்போது தெரியும்.

முதற்பகுதிக்கு வருவோம். பழைய தீர்ப்பு ஒன்றாக இருந்தாலும் அது புதிய வழக்குக்குள் மூன்று வாசல்கள் வழியாக நுழைகிறது என்பதையும், ஒவ்வொரு வாசலிலும் அதை அளக்கும் படி வேறு என்பதையும் புரிந்துகொள்ளாமல் இந்தச் சட்டத்தைப் பின்தொடர முடியாது. சட்டப்பிரிவு விதிக்கும் உச்சவரம்பு முதல் வாசல். தண்டனை வழிகாட்டு நெறிகளில் குற்றத்தின் கனத்தைக் காட்டும் நிலை எண் இரண்டாவது. அதே நெறிகளில் குற்றவாளியின் முன்வரலாற்றைக் காட்டும் வகை மூன்றாவது. ஒரு வாசலில் மிகக் கடுமையானதாக எண்ணப்படும் தீர்ப்பு இன்னொரு வாசலில் எண்ணிக்கையிலேயே வராமல் போவதும் உண்டு.

உச்சவரம்பை நிர்ணயிப்பது அமெரிக்கச் சட்டத்தொகுப்பின் 8ஆம் தலைப்பில் உள்ள 1326ஆம் பிரிவு. நாடுகடத்தப்பட்டவர் உரிய முன்அனுமதி இல்லாமல் நுழைந்தாலோ, நுழைய முயன்றாலோ, நாட்டுக்குள் இருப்பது கண்டறியப்பட்டாலோ அது குற்றம். முன்தண்டனை எதுவும் இல்லாதவருக்கு அதிகபட்சம் 2 ஆண்டு சிறை. நாடுகடத்தப்படுவதற்கு முன்பு ஒரு ஃபெலனி, அதாவது ஓராண்டுக்கு மேல் சிறை விதிக்கத்தக்க பெருங்குற்றம் நிரூபிக்கப்பட்டிருந்தால் வரம்பு 10 ஆண்டாக உயர்கிறது. போதைப்பொருள் அல்லது ஆளுக்கு எதிரான சிறுகுற்றங்கள் மூன்றோ அதற்கு மேலோ இருந்தாலும் அதே 10 ஆண்டுதான். அந்தப் பழைய குற்றம் குடியேற்றச் சட்டம் ‘அக்ரவேட்டட் ஃபெலனி’ என்று பட்டியலிட்டவற்றுள் ஒன்றாக இருந்தால் வரம்பு 20 ஆண்டு. 1952இல் இந்தப் பிரிவு இயற்றப்பட்டபோது 2 ஆண்டு என்ற ஒரே வரம்புதான் இருந்தது. போதைப்பொருளுக்கு எதிரான 1988ஆம் ஆண்டுச் சட்டம் முன்தண்டனை உள்ளவர்களுக்கு 5, 15 என்று இரு படிகளைச் சேர்த்தது, 1994இல் அவை 10, 20 ஆயின. இந்த மூன்று படிகளிலும் குறைந்தபட்சத் தண்டனை என்று எதுவும் இல்லை. 20 ஆண்டு வரம்புக்குள் வந்தவருக்கும் நீதிபதி சில மாதங்களோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இங்கே கவனிக்கவேண்டியது நிகழ்ச்சிகளின் வரிசை. குற்றத்தீர்ப்பு முதலில், நாடுகடத்தல் அதற்குப் பின் என்று இருந்தால்தான் உயர்ந்த வரம்பு பொருந்தும். எந்தக் குற்றமும் இல்லாமல் 2010இல் வெளியேற்றப்பட்டு, ரகசியமாகத் திரும்பி, 2014இல் ஒரு ஃபெலனியில் தண்டிக்கப்பட்டு, அதன்பின் வெளியேற்றப்படாமலே மறுநுழைவுக்காக வழக்குத் தொடரப்படுபவருக்கு வரம்பு 2 ஆண்டுதான். அவரே 2016இல் மறுபடி வெளியேற்றப்பட்டு மறுபடி வந்திருந்தால் 10 ஆண்டு அல்லது 20 ஆண்டு. அரசுத் தரப்பு எந்த நாடுகடத்தலை அடிப்படையாக வைத்து வழக்குப் போட்டிருக்கிறது என்பதை முதலில் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

‘அக்ரவேட்டட் ஃபெலனி’ என்ற பெயரை நம்பி ஏமாந்தவர்கள் பலர். 1988இல் அது கொலை, போதைப்பொருள் கடத்தல், ஆயுதக் கடத்தல் ஆகிய மூன்றை மட்டுமே குறித்தது. பின்வந்த திருத்தங்கள், குறிப்பாக 1996ஆம் ஆண்டின் குடியேற்றச் சீர்திருத்தச் சட்டம், அதை மிக நீண்ட பட்டியலாக்கின. திருட்டுக்கும் வன்முறைக் குற்றத்துக்கும் முன்பு 5 ஆண்டு என்றிருந்த தண்டனை அளவு அப்போது ஓராண்டாக இறங்கியது. அந்த ஓராண்டை எண்ணும் விதத்திலும் ஒரு கண்ணி இருக்கிறது. நிறுத்திவைக்கப்பட்ட தண்டனையும் குடியேற்றச் சட்டத்தில் முழுத் தண்டனையாகவே எண்ணப்படும். கடையில் பொருள் திருடியதற்கு ஓராண்டுச் சிறை விதித்து, அதை முழுவதும் நிறுத்திவைத்து, நன்னடத்தைக் கண்காணிப்பில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர் சிறைவாசலையே மிதித்திருக்கமாட்டார். ஆனால் மறுநுழைவு வழக்கில் அவர் 20 ஆண்டு வரம்புக்குள் நிற்பார். மாநிலச் சட்டம் அதைச் சிறுகுற்றம் என்று வகைப்படுத்தியிருந்தாலும் நிலைமை இதுதான் என்று பல மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. ஒரு நாள் குறைந்து 364 நாள் என்று விதிக்கப்பட்டிருந்தால் இந்தச் சிக்கலே எழாது. கலிபோர்னியா 2015இலும் நியூயார்க் 2019இலும் சிறுகுற்றங்களுக்கான உச்சத் தண்டனையை 365 நாளிலிருந்து 364 நாளாகக் குறைத்ததற்குப் பின்னணி இந்த ஒரு நாள் கணக்குதான்.

பழைய குற்றம் இந்தப் பட்டியலில் அடங்குமா என்று தீர்மானிக்கும்போது, அன்று அந்த மனிதர் உண்மையில் என்ன செய்தார் என்று நீதிமன்றம் ஆராய்வதில்லை. அவர் தண்டிக்கப்பட்ட மாநிலச் சட்டப்பிரிவின் வாசகத்தை எடுத்து, மத்தியச் சட்டத்தின் வரையறைக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறது. மாநிலப் பிரிவு மத்திய வரையறையைவிட அகலமாக இருந்தால் அந்தத் தீர்ப்பு பட்டியலில் சேராது. குடிபோதையில் வண்டி ஓட்டிக் காயப்படுத்துவது, கவனக்குறைவே போதும் என்று பிரிவு சொல்லும்போது, வன்முறைக் குற்றம் ஆகாது என்று 2004இல் லியோகால் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது இந்த முறையில்தான். சிறிதளவு மரிஜுவானாவைக் காசு வாங்காமல் பகிர்ந்துகொள்வதையும் உள்ளடக்கும் மாநிலப் பிரிவின்கீழ் வந்த தீர்ப்பு, அந்தக் காரணத்தாலேயே, போதைப்பொருள் கடத்தல் ஆகிவிடாது என்று 2013இல் மான்கிரீஃப் வழக்கில் சொன்னதும் இதே முறையில்தான். வாசகத்தை வாசகத்தோடு ஒப்பிடும் இந்த வேலை வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு வறட்டு இலக்கணமாகத் தோன்றும். ஆனால் 10 ஆண்டுக்கும் 20 ஆண்டுக்கும் இடையிலான கோடு அங்கேதான் போடப்படுகிறது.

அந்தக் கோடு காலத்தால் நகர்ந்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2021இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த பலோமார் சாண்டியாகோ வழக்கு எடுத்துக்காட்டு. குடிபோதையில் வண்டி ஓட்டியதற்காகக் கலிபோர்னியாவில் ஃபெலனித் தீர்ப்பு பெற்ற அவர் நிரந்தரக் குடியிருப்பு உரிமையும் பெற்றிருந்தார். அந்தத் தீர்ப்பு ‘அக்ரவேட்டட் ஃபெலனி’ என்று கருதப்பட்டதால் 1998இல் வெளியேற்றப்பட்டார். லியோகால் தீர்ப்பு வந்தபின் அந்தக் கருத்தே தவறு என்றாகிவிட்டது. 2017இல் அவர் அமெரிக்காவில் இருப்பது கண்டறியப்பட்டு 1326ஆம் பிரிவின்கீழ் வழக்குத் தொடரப்பட்டபோது, அடிப்படை நாடுகடத்தல் உத்தரவே செல்லாது என்று வாதிட்டார். உத்தரவு தவறு என்று காட்டுவது மட்டும் போதாது. அன்றே நிர்வாக வழியில் முறையிட்டிருக்கவேண்டும், நீதிமன்ற மறுஆய்வுக்கு வாய்ப்பு மறுக்கப்பட்டிருக்கவேண்டும், விசாரணை அடிப்படையில் நியாயமற்றதாக இருந்திருக்கவேண்டும் என்ற மூன்று நிபந்தனைகளும் சேர்ந்து நிறைவேறினால்தான் அந்த எதிர்வாதம் ஏற்கப்படும் என்று நீதிமன்றம் ஒருமனதாகச் சொல்லிவிட்டது. பழைய தீர்ப்பின் தன்மையை இன்றைய சட்டப்படி அளந்து உச்சவரம்பைக் குறைக்க முடியும். அந்தத் தீர்ப்பால் விளைந்த பழைய நாடுகடத்தலை அழிப்பது மிகக் கடினம்.

உச்சவரம்பை 2 ஆண்டிலிருந்து 20 ஆண்டாக உயர்த்தும் இந்தப் பழைய தீர்ப்பைக் குற்றப்பத்திரிகையில் குறிப்பிட்டு, ஜூரி முன் ஐயத்துக்கிடமின்றி நிரூபிக்கவேண்டாமா என்பது அடுத்த கேள்வி. 1998இல் அல்மெண்டாரஸ் டோரஸ் வழக்கில் 5க்கு 4 என்ற பெரும்பான்மையில் உச்ச நீதிமன்றம் ‘வேண்டாம்’ என்றது. குற்றப்பத்திரிகையில் முன்தண்டனைகள் குறிக்கப்படாததால் தமக்கு 2 ஆண்டுக்கு மேல் விதிக்க முடியாது என்று வாதிட்ட அவருக்கு 85 மாதச் சிறை உறுதியானது. முன்தண்டனை என்பது குற்றத்தின் கூறு அன்று, தண்டனை நிர்ணயிக்கும்போது நீதிபதி பார்க்கவேண்டிய செய்தி மட்டுமே என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். இரண்டே ஆண்டில், 2000இல், அப்ரெண்டி வழக்கில் தண்டனையின் உச்சவரம்பைக் கூட்டும் எந்தச் செய்தியையும் ஜூரியே தீர்மானிக்கவேண்டும் என்ற விதியை அதே நீதிமன்றம் வகுத்தபோது, முன்தண்டனையை மட்டும் விதிவிலக்காக விட்டுவைத்தது. 1998இன் பெரும்பான்மையில் இருந்த நீதிபதி தாமஸே தாம் அன்று தவறிவிட்டதாகப் பின்னர் எழுதினார். 2024இன் எர்லிங்கர் தீர்ப்பும் அந்த விதிவிலக்கை மிகக் குறுகலாகவே படிக்கவேண்டும் என்றது, ஆனால் அதை நீக்கவில்லை. அதனால்தான் தோற்பது உறுதி என்று தெரிந்தும், என்றாவது ஒருநாள் அந்த 1998 தீர்ப்பு விழுந்தால் உதவும் என்று, குற்றம்சாட்டப்பட்டவர்களின் வழக்கறிஞர்கள் இந்த வாதத்தை மேல்முறையீடுகளில் ஒரு வரியாவது எழுதிவைக்கிறார்கள். தீர்ப்புக்குப் பின்தான் நாடுகடத்தல் நடந்தது என்ற தேதிச் செய்தி மட்டும் இந்த விதிவிலக்குக்குள் வராது, அதைக் குற்றம்சாட்டப்பட்டவர் ஒப்புக்கொள்ளவோ ஜூரி முன் அரசு நிரூபிக்கவோ வேண்டும் என்று சில மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் கூறியுள்ளன.

இவ்வளவும் உச்சவரம்பைப் பற்றியது. நடைமுறையில் ஒருவர் எத்தனை மாதம் உள்ளே இருப்பார் என்பதை நெருங்கிச் சொல்வது தண்டனை ஆணையத்தின் வழிகாட்டு நெறிகள். 2005இன் புக்கர் தீர்ப்புக்குப் பிறகு அவை நீதிபதியைக் கட்டுப்படுத்துவதில்லை. ஆனாலும் எந்த நீதிபதியும் அவற்றைக் கணக்கிடாமல் தண்டனை விதிக்கக்கூடாது, பெரும்பாலோர் அந்தக் கணக்கைச் சுற்றியே நிற்கிறார்கள்.

மறுநுழைவுக்கான நெறியில் அடிப்படை நிலை 8. முன்பு இதே குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டிருந்தால் 4 கூடும். முதன்முதலில் நாடுகடத்த உத்தரவிடப்படுவதற்கு முன்பு செய்த குற்றத்துக்கு, விதிக்கப்பட்ட தண்டனை 5 ஆண்டோ மேலோ என்றால் 10, 2 ஆண்டோ மேலோ என்றால் 8, 13 மாதத்துக்கு மேல் என்றால் 6, வேறு எந்த ஃபெலனியானாலும் 4, வன்முறை அல்லது போதைப்பொருள் கடத்தல் சிறுகுற்றங்கள் மூன்று என்றால் 2 கூடும். அந்த முதல் உத்தரவுக்குப் பின் செய்த குற்றத்துக்கும் இதே ஏணி தனியாக ஒருமுறை ஏறும். ஒவ்வொரு ஏணியிலும் மிகப் பெரிய ஒன்று மட்டுமே எடுத்துக்கொள்ளப்படும். இங்கே பார்க்கப்படுவது குற்றம் செய்த நாள். சட்டப்பிரிவிலோ பார்க்கப்படுவது தீர்ப்பு வந்த நாள். 2018இல் வந்த ஒரு திருத்தம் இதைத் தெளிவாக்கியது. இரண்டையும் குழப்பிக்கொண்டு எழுதப்பட்ட மனுக்கள் ஏராளம்.

ஒருவரை எடுத்துக்கொள்வோம். போதைப்பொருள் விற்றதற்காக 2015இல் அவருக்கு 3 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது, 2017இல் முதல்முறையாக உத்தரவிடப்பட்டு வெளியேற்றப்பட்டார், 2019இல் திரும்பினார், 2020இல் அடிதடி ஃபெலனியில் 18 மாதம் பெற்றார், அது முடிந்ததும் மறுநுழைவு வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அடிப்படை 8, முதல் ஏணியில் 8, இரண்டாம் ஏணியில் 6, கூட்டினால் 22. குற்றத்தை ஒப்புக்கொண்டதற்காக 3 கழிந்து (நிலை 16க்குக் கீழே இருந்தால் 2 மட்டுமே கழியும்) 19. இனி மூன்றாவது வாசல். 13 மாதத்துக்கு மேற்பட்ட தண்டனை ஒவ்வொன்றுக்கும் 3 புள்ளி, ஆக 6 புள்ளி, அது முன்வரலாற்றின் மூன்றாம் வகை. அட்டவணையில் 19ஆம் நிலையும் மூன்றாம் வகையும் சந்திக்கும் கட்டத்தில் எழுதியிருப்பது 37 முதல் 46 மாதம். முன்தண்டனையே இல்லாத ஒருவர் இதே நுழைவுக்காகக் குற்றத்தை ஒப்புக்கொண்டால் முதல் வகை, 0 முதல் 6 மாதம்.

அதே இரண்டு பழைய தீர்ப்புகளும் நிலை எண்ணையும் கூட்டின, வகையையும் கூட்டின. முன்வரலாற்று வகை மட்டும் மாறி, நிலை கூடாமல், அடிப்படை 8இல் ஒப்புக்கொண்டதற்கான 2 கழிந்து 6இலேயே இருந்திருந்தால் 2 முதல் 8 மாதம்தான் வந்திருக்கும். 37 மாதம் என்ற எண்ணை உண்டாக்கியது நிலைக் கூட்டல். ஆக, பழைய குற்றத்துக்கு மறுபடி தண்டனை இல்லை என்று எவ்வளவு நுணுக்கமாக விளக்கினாலும், இந்த எண்ணின் பெரும்பகுதி பழைய தாள்களிலிருந்து வந்தது என்பதை மறைக்க முடியாது. ஒரே தீர்ப்பை இரண்டு இடத்திலும் எண்ணலாம் என்று நெறிகளே சொல்வதால் நீதிமன்றங்கள் இந்த எதிர்ப்பை ஏற்பதில்லை.

முன்பு நிலைமை இதைவிட மோசம். 2016 நவம்பருக்கு முன், பழைய குற்றம் வன்முறைக் குற்றம் என்ற பெயருக்குள் வந்துவிட்டால், அதற்கு எவ்வளவு தண்டனை விதிக்கப்பட்டது என்று பாராமல் 16 நிலை கூடியது. சிறையே இல்லாமல் நன்னடத்தைக் கண்காணிப்பில் விடப்பட்டவர் முதல் வகையில் இருந்தாலும் 21ஆம் நிலையில் 37 முதல் 46 மாதத்தை எதிர்கொண்டார். 2016இன் திருத்தம் பெயரை விட்டுவிட்டு விதிக்கப்பட்ட தண்டனையின் நீளத்தை அளவாக எடுத்துக்கொண்டபின், அதே மனிதருக்கு 4 நிலைதான் கூடுகிறது, வீச்சு 6 முதல் 12 மாதம். பழைய நீதிபதி அந்தக் குற்றத்தை நேரில் பார்த்து எடைபோட்டதை மதிப்பது என்ற அளவில் இது நல்ல மாற்றம் என்றே நினைக்கிறேன்.

நெறிகளில் நிறுத்திவைக்கப்பட்ட பகுதி தண்டனையாக எண்ணப்படுவதில்லை. மேலே சொன்ன கடைத்திருட்டுக்காரர் 20 ஆண்டு வரம்புக்குள் இருந்துகொண்டே நெறிகளின் ஏணியில் ஏறாமலோ கீழ்ப்படியிலோ நிற்பது இதனால் சாத்தியம். ஆனால் நன்னடத்தைக் கண்காணிப்பை மீறி, அது ரத்தாகி, பின்னர் சிறை விதிக்கப்பட்டிருந்தால் அந்தச் சிறைக்காலம் பழைய தண்டனையோடு சேர்த்து எண்ணப்படும். 18 வயதுக்கு முன் செய்த குற்றம், பெரியவருக்கான தீர்ப்பாக வகைப்படுத்தப்பட்டிருந்தாலொழிய, ஏணியில் வராது.

பழசாகிப்போன தீர்ப்புகளின் கணக்கு தனி. வரலாற்றுப் புள்ளி பெறாத தீர்ப்புக்கு நிலைக் கூட்டலும் கிடையாது. 13 மாதத்துக்கு மேற்பட்ட தண்டனைக்கு 15 ஆண்டு, மற்றவற்றுக்கு 10 ஆண்டு என்பது பின்னோக்கிப் பார்க்கும் காலம். எந்த நாளிலிருந்து பின்னோக்கி? பிடிபட்ட நாளிலிருந்து என்றுதான் பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் தற்போதைய குற்றம் தொடங்கிய நாளிலிருந்து. நாட்டுக்குள் இருப்பது கண்டறியப்படுதல் என்ற குற்றம் நுழைந்த நாளில் தொடங்கித் தொடர்ந்து நடந்துகொண்டே இருப்பதாகக் கொள்ளப்படுகிறது. 1996இல் 2 ஆண்டுச் சிறை பெற்று, வெளியேற்றப்பட்டு, 2008இல் திரும்பி வந்து, 16 ஆண்டு யாருக்கும் தொல்லையின்றி வேலைபார்த்து, 2024இல் பிடிபட்டவருக்கு அந்தத் தீர்ப்பு 28 ஆண்டுப் பழையது. சட்டத்தின் கணக்கில் 12 ஆண்டுப் பழையது, எனவே முழுமையாக எண்ணப்படும். உச்சவரம்பை நிர்ணயிக்கும் சட்டப்பிரிவிலோ காலாவதி என்பதே கிடையாது.

வீச்சைக் குறைக்கும் வழிகளும் உண்டு. விரைவாகக் குற்றத்தை ஒப்புக்கொண்டு மேல்முறையீட்டு உரிமைகளை விட்டுக்கொடுப்பவர்களுக்கு ‘ஃபாஸ்ட் ட்ராக்’ திட்டத்தில் 4 நிலை வரை குறைக்க அரசுத் தரப்பு கோரலாம். நமது எடுத்துக்காட்டில் அது 19ஐ 15 ஆக்கி, வீச்சை 24 முதல் 30 மாதமாக்கும். கடுமையான வன்முறை வரலாறு உள்ளவர்களுக்கு இந்தச் சலுகை மறுக்கப்படவோ சுருக்கப்படவோ கூடும் என்பதால் இங்கும் பழைய தாளே பேசுகிறது. குழந்தைப்பருவம் முதல் அமெரிக்காவிலேயே வளர்ந்தவர், நோயுற்ற பிள்ளைக்காகத் திரும்பியவர், பழைய குற்றத்துக்குப் பின் நீண்டகாலம் நேராக வாழ்ந்தவர் என்ற நிலைகளை எடுத்துச்சொல்லி வீச்சுக்குக் கீழே தண்டனை கேட்பதும் வழக்கம். அது நீதிபதியைப் பொறுத்தது.

இந்த வழக்குகளில் ஒரு குடும்பத்தாரோ வழக்கறிஞரோ உருப்படியாகச் செய்யக்கூடிய முதல் வேலை, பழைய தீர்ப்புகளின் சான்றிட்ட நகல்களை அந்தந்த மாநில நீதிமன்றங்களிலிருந்து வரவழைப்பது. தண்டனைக்கு முன் நன்னடத்தைக் கண்காணிப்பு (ப்ரொபேஷன்) அலுவலர் தயாரிக்கும் அறிக்கை குறைந்தது 35 நாள் முன்னதாகக் கைக்கு வரவேண்டும், அதன்பின் எதிர்ப்பைத் தெரிவிக்க 14 நாள்தான் இருக்கிறது. அந்த அறிக்கையில் பழைய ஃபெலனிக்கு 14 மாதம் என்று எழுதப்பட்டிருக்கிறது, தீர்ப்பிலோ 13 மாதம் என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 14 மாதமானால் கூட்டல் 6, 3 புள்ளி, ஒப்புக்கொண்டதற்கு 2 கழிந்து வீச்சு 12 முதல் 18 மாதம். 13 மாதமானால் கூட்டல் 4, 2 புள்ளி, வீச்சு 8 முதல் 14 மாதம்.